மலையடிவார ஊரில் முதல் நடை: பாலத்தில் தொடங்கிப் பாலத்தில் திரும்புவது எப்படி

முதல் தடவை மலைப்பக்கம் நடக்கப் போகிறவர்கள் வழி கேட்டால் நான் சொல்வது ஒன்றுதான். ஊருக்குள் இருக்கும் ஒரு பாலத்தில் தொடங்குங்கள், கரையை ஒட்டி ஆறு வரும் திசையில் மேலே போங்கள், அடுத்த பாலத்தில் ஆற்றைக் கடந்து மறுகரை வழியாகத் திரும்பி வந்துவிடுங்கள். உச்சி, அருவி, காட்டுக்குள் கூடாரம் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இந்தச் சின்னச் சுற்றிலேயே வரைபடம் பார்ப்பது, நேரம் கணக்கிடுவது, தண்ணீரைக் கவனிப்பது எல்லாம் பழகிவிடும். ஏற்றம் போகும்போதே முடிந்துவிடுவதால் களைத்துத் திரும்பும்போது இறக்கம்தான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. போகும்போது ஆறு உங்கள் வலது கைப்பக்கம் இருந்தால், பாலம் கடந்து திரும்பும்போதும் வலது கைப்பக்கமே இருக்கும், சுற்று முழுக்க அது மாறாது. மாறியிருந்தாலோ, தண்ணீர்ச் சத்தம் வெகுநேரமாகக் கேட்கவில்லை என்றாலோ நின்று வரைபடத்தைப் பாருங்கள், எங்கோ தப்பான பாதையில் திரும்பியிருப்பீர்கள்.

படி 1: வரைபடத்தில் முதலில் பாலங்களைத் தேடுங்கள்

தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் இலவச வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பை அடிப்படையாகக் கொண்ட செயலிகளில் ஒற்றையடிப் பாதைகள்கூடப் பெரும்பாலும் புள்ளிக்கோடாகக் குறிக்கப்பட்டிருக்கும். வீட்டில் இணையம் இருக்கும்போதே அந்தப் பகுதியைப் போனில் இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். டவர் இல்லாத பள்ளத்தாக்கிலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், ஏனென்றால் அது செயற்கைக்கோள்களிலிருந்து வரும் சமிக்ஞையை வாங்கிக்கொள்வது மட்டும்தான். ஆனால் இரண்டு பக்கமும் செங்குத்தான பாறை இருந்தால் உங்கள் புள்ளி சில மீட்டர் தள்ளி மறுகரையில் நிற்பதுபோல் காட்டலாம், பதற வேண்டாம்.

இரண்டு பாலங்களைத் தேர்ந்தெடுங்கள். இடையில் 2 முதல் 3 கிலோமீட்டர் இருந்தால் போய்த் திரும்ப 4 முதல் 6 கிலோமீட்டர் வரும், முதல் நடைக்கு அது போதும். இரண்டாவது பாலம் ரயில் பாலமா, நடக்க விடுவார்களா, இன்னும் இருக்கிறதா என்று ஊர்க்காரர் ஒருவரிடம் கட்டாயம் கேளுங்கள். நான் ஒருமுறை கேட்காமல் போனேன். வரைபடத்தில் இருந்த நடைபாலம் முந்தைய வெள்ளத்தில் போயிருந்தது, இரண்டு தூண்கள் மட்டும்தான் மிச்சம். நல்லவேளை, வெளிச்சம் இருந்ததால் வந்த வழியே திரும்ப முடிந்தது.

அப்புறம் சமஉயரக் கோடுகள், அதாவது ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை இணைக்கும் கோடுகள். மெல்லிய பழுப்புக் கோடுகள் நெருக்கமாக இருந்தால் செங்குத்து, விலகி இருந்தால் ஏறக்குறைய சமதளம். அவை ஆற்றைக் கடக்கும் இடத்தில் அம்புமுனைபோல மடங்கும், அந்த முனை ஆறு வரும் திசையைக் காட்டும். உங்கள் பாதை எத்தனை கோடுகளை வெட்டிக்கொண்டு போகிறது என்று எண்ணி, ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே எத்தனை மீட்டர் என்பதால் பெருக்கினால் ஏற்றம் கிடைத்துவிடும். மொத்தம் 100 மீட்டருக்குள் இருக்கட்டும்.

படி 2: நேரத்தைக் கணக்கிடுங்கள்

ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-ல் சொன்ன கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: ஏறத்தாழ 5 கிலோமீட்டருக்கு 1 மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். இது நடந்து பழகியவர்களுக்கான வேகம், நிற்கும் நேரம் இதில் சேராது. கல்லும் வேரும் நிறைந்த ஆற்றங்கரையில் புதியவர்கள் மணிக்கு 3 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வது நல்லது. அப்படியானால் 6 கிலோமீட்டருக்கு 2 மணி நேரம், உட்கார, படம் எடுக்க, சும்மா தண்ணீரைப் பார்க்க முக்கால் மணி நேரம்.

பள்ளத்தாக்கில் சூரியன் மலைமுகட்டுக்குப் பின்னால் சீக்கிரமே போய்விடும். போனில் காட்டும் மறையும் நேரத்தை நம்பி நடந்தால் பாதி வழியிலேயே நிழல் விழுந்து, குளிரடித்து, பாதையில் இருக்கும் வேர்கள் கண்ணுக்குத் தெரியாமல் போகும். அதனால் அந்த நேரத்திலிருந்து 2 மணி நேரத்தைக் கழித்து, அதற்குள் ஊரில் இருக்குமாறு கிளம்புங்கள். நடக்கும்போது சரிபார்க்க ஒரு வழி உண்டு: கையை முழுதாக நீட்டி, விரல்களைப் படுக்கைவாட்டில் சேர்த்துப் பிடித்து, முகட்டுக்கும் சூரியனுக்கும் இடையே எத்தனை விரல் அடங்குகிறது என்று பாருங்கள். ஒரு விரலுக்குச் சுமார் 15 நிமிடம். சூரியனை நேராகப் பார்க்காமல் கையால் மறைத்துக்கொண்டே செய்யுங்கள்.

படி 3: மேல்மலையில் மழையா என்று பாருங்கள்

இந்தப் படியை மட்டும் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். ஊரில் வெயில் அடிக்கும்போதே ஆற்றில் வெள்ளம் வரும். உங்கள் காலடியில் ஓடும் தண்ணீர் எங்கோ தூரத்து மலைச்சரிவுகளில் பெய்தது. சரிவு செங்குத்தாக இருப்பதால் மண்ணுக்குள் இறங்க நேரமில்லாமல் எல்லா ஓடைகளும் ஒரே சமயத்தில் ஆற்றில் வந்து கொட்டும். ஆகவே வானிலையைப் பார்க்கும்போது ஊரின் பெயரைப் போட்டுப் பார்ப்பதோடு நிறுத்தாமல் மேலே இருக்கும் மலைப்பகுதிக்கும் பாருங்கள். மேலே அணை இருந்தால் தண்ணீர் திறக்கும் நேரத்தைக் கேளுங்கள், கரையில் எச்சரிக்கைப் பலகை இருந்தால் நின்று படியுங்கள், சங்கு ஊதினால் அப்போதே மேட்டுக்குப் போய்விடுங்கள்.

ஆற்றோரம் உட்காரும்போது நான் எப்போதும் ஒன்று செய்வேன். தண்ணீர் விளிம்பில் பாதி நனைந்த ஒரு கல்லை அடையாளம் வைத்துக்கொண்டு, 10 நிமிடம் கழித்து அதையே பார்ப்பேன். முழுதாக மூழ்கியிருந்தால் உடனே எழுந்துவிடுவேன். தெளிந்த தண்ணீர் கலங்கிப் பழுப்பாவது, இலையும் சுள்ளியும் திடீரென்று அதிகமாக மிதந்து வருவது, இரைச்சல் கனத்துப்போவது, இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் போதும். கரையோடு ஓடாதீர்கள், ஆற்றைவிட்டு விலகி மேடு பார்த்து ஏறுங்கள். கணுக்கால் அளவுதானே என்று பெருகும் தண்ணீரில் இறங்கவே கூடாது. வேகமாக ஓடும் 15 சென்டிமீட்டர் தண்ணீர் பெரியவர் ஒருவரையே கீழே தள்ளிவிடும்.

இடி மின்னலுக்கும் ஒரு கணக்கு உண்டு: மின்னலுக்கும் சத்தத்துக்கும் இடையில் 30 நொடிக்குக் குறைவாக இருந்தால் அது 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. கட்டடத்துக்குள் போய்விடுங்கள், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை வெளியே வராதீர்கள்.

படி 4: பையில் என்ன

அதிகம் வேண்டாம். மணிக்கு அரை லிட்டர் கணக்கில் தண்ணீர், கொஞ்சம் தின்பண்டம், மெல்லிய மழை ஜாக்கெட், டார்ச், விசில், கொப்புளத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர், ஒரு ஜோடி மாற்று சாக்ஸ். அடிப்பாகத்தில் நல்ல பள்ளவரி உள்ள ஷூ போதும், மலையேறும் பூட்ஸ் வாங்க வேண்டியதில்லை. புது ஷூ என்றால் நான்கைந்து நாள் வீட்டைச் சுற்றிப் போட்டு நடந்துவிட்டு எடுத்து வாருங்கள். ஆற்று நீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அப்படியே குடிக்காதீர்கள், கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணிகள் அதில் இருக்கலாம்.

படி 5: நடை

ஊருக்குள் இருக்கும் முதல் அரை கிலோமீட்டரை மெதுவாக நடங்கள், உடம்பு சூடேறட்டும். பழைய பாலங்களின் தூண்களில் வெள்ளம் வந்த அளவைக் கோடிட்டு ஆண்டு எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். தலைக்கு மேலே அந்தக் கோட்டைப் பார்த்தவர்களுக்கு மூன்றாவது படியைப் பற்றி வேறு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஊர் தாண்டியதும் ஆற்றின் வளைவுகளைக் கவனியுங்கள். வளைவின் உட்புறத்தில் ஓட்டம் தணிவதால் மணலும் கூழாங்கல்லும் படிந்து ஆழம் குறைவாக இருக்கும், உட்கார அதுதான் இடம். வெளிப்புறத்தில் தண்ணீர் வேகமாக மோதிக் கரையை அடியில் அரித்துக்கொண்டே இருக்கும். மேலே புல் முளைத்துத் திடமாகத் தெரியும் விளிம்புக்குக் கீழே வெறும் குழியாக இருக்கலாம், அங்கே இரண்டு மூன்று அடி உள்ளே தள்ளியே நடங்கள்.

கருமையாகவோ பச்சையாகவோ மின்னும் பாறையில் பாசி இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வெளிறிய, காய்ந்த கல்லாகப் பார்த்துக் காலை முழுதாக வைத்து நடங்கள். தடுப்பணைக்குக் கீழே தண்ணீர் அமைதியாகச் சுழல்வதுபோல் தெரியும், அங்கே மட்டும் காலை நனைக்கவே வேண்டாம். விழும் நீர் அடியில் போய் மேலே வந்து மறுபடி சுவரை நோக்கியே இழுப்பதால் நல்ல நீச்சல்காரர்களும் அதில் மாட்டிக்கொள்கிறார்கள்.

கிளம்பும் முன் குறித்துவைத்த நேரத்தில் பாதி முடிந்தும் இரண்டாவது பாலம் வரவில்லை என்றால் வந்த வழியே திரும்புங்கள், அடுத்த வளைவில் இருக்கும் என்று இழுத்துக்கொண்டே போகாதீர்கள். வழி தவறினாலோ கால் பிசகினாலோ அங்கேயே இருந்து, நிமிடத்துக்கு 6 முறை விசில் ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊதுங்கள். மலைகளில் உதவி கேட்கும் பொதுவான சைகை அது. நிமிடத்துக்கு 3 முறை பதில் வந்தால் யாரோ கேட்டுவிட்டார்கள் என்று பொருள்.

படி 6: திரும்பிய பிறகு

சாக்ஸைக் கழற்றி, கணுக்கால், முழங்காலின் பின்பக்கம், இடுப்பு மடிப்பு எல்லாம் பாருங்கள். அட்டை கடித்திருந்தால் நகத்தை அதன் வாயருகே வைத்து மெல்லத் தள்ளினால் விட்டுவிடும். உண்ணி என்றால் கூர்முனைச் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுங்கள். ஈர ஷூவை அடுப்பருகே வைக்காமல் உள்ளே காகிதம் திணித்து நிழலில் உலரவிடுங்கள்.

பிறகு ஒரு தாளில் மூன்று நேரங்களை எழுதிவையுங்கள்: முதல் பாலத்தில் கிளம்பியது, இரண்டாவது பாலத்துக்குப் போனது, திரும்பி வந்தது. உங்களுடைய உண்மையான வேகம் அதில் இருக்கிறது, அடுத்த வாரம் மூன்றாவது பாலம்வரை போகலாமா என்பதை அதை வைத்தே முடிவு செய்யுங்கள்.