கணவாய், சிரட்டை, நிறுத்தற் கடிகாரம்: நரம்புக்கலம் பேசுவதை வகுப்பில் காட்டுவது எப்படி

உயர்தர உயிரியலில் நரம்புத் தொகுதியைப் படித்து முடித்த பிள்ளையிடம் "தாக்க அழுத்தம் என்ற மின்குறி, நரம்புக்கலத்தின் நீண்ட நாரான அக்சன் வழியே எப்படிப் போகிறது?" என்று கேளுங்கள். "கம்பியில கரண்ட் போற மாதிரி சேர்" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். பாடம் பிழைப்பது இந்த இடத்தில்தான். கம்பியில் போகும் குறி தூரம் கூடக் கூடத் தேயும். அக்சனில் அது தேயாது, ஏனென்றால் ஒவ்வோர் இடத்திலும் அது புதிதாகப் பிறக்கிறது. வேகமும் கம்பியின் கிட்டவே வராது. இந்த இரண்டையும் பிள்ளைகள் கையால் செய்து பார்க்க ஒரு மீன்சந்தையும், கொஞ்சம் புளியங்கொட்டையும், கைத்தொலைபேசி ஒன்றும் போதும். 40 நிமிடப் பாடவேளை மூன்று ஒதுக்குங்கள்.

பெயர்கள் புத்தகத்துக்குப் புத்தகம் மாறுவதால் இங்கே அக்சன் என்றும், ஒரு கலம் அடுத்ததற்குக் குறி கொடுக்கும் சந்தியைச் சினாப்சு என்றுமே எழுதுகிறோம்.

கணவாயின் நட்சத்திரம்

நரம்புக்கலம் பற்றி இன்று நாம் சொல்லும் இலக்கங்கள் பலவற்றுக்கு மூலம் கணவாய்தான். பிரித்தானிய விஞ்ஞானிகளான ஹொட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணவாயின் இராட்சத அக்சனுக்குள் மின்வாய் செருகி அளந்த முடிவுகளை 1952 இல் வெளியிட்டார்கள். 1963 இல் நோபல் பரிசு கிடைத்தது. மனிதனின் தடித்த அக்சன்கூட ஏறத்தாழ 0.02 மி.மீ. தான். அத்திலாந்திக் கணவாயில் அது 1 மி.மீ. வரை போகும், அதனால்தான் உள்ளே மின்வாய் நுழைந்தது.

வாழைச்சேனைத் துறைமுகத்திலோ கல்முனைச் சந்தையிலோ காலையில் வாங்குங்கள். வெள்ளை ஓடு உள்ள ஓட்டுக் கணவாய் வேண்டாம். முதுகுக்குள் கண்ணாடித்தாள் போன்ற மெல்லிய முள் உள்ள நீண்ட கணவாய்தான் இதற்குச் சரி. தோலில் கபிலப் புள்ளிகள் தனித்தனியாகத் தெரிய வேண்டும். முழுக்க இளஞ்சிவப்பாகிப் போனது பழையது. வாங்கும்போதே "துப்புரவாக்க வேண்டாம், அப்படியே தாங்க" என்று சொல்லிவிடுங்கள். வெட்டித் தந்தால் பார்க்க வேண்டியது குடலோடு குப்பைக்குப் போய்விடும்.

தட்டில் கறுப்புப் பொலித்தீன் விரித்து, கடல்நீர் ஊற்றுங்கள். கடல்நீர் கிடைக்காத ஊரென்றால் 1 லீற்றர் தண்ணீருக்கு 35 கிராம் உப்பு. குழாய்த் தண்ணீரில் வைத்தால் இழையம் நீரை உறிஞ்சி ஊதிப் பால்போல் வெளிறிவிடும். வெளிறிய தசையில் வெளிறிய நரம்பைத் தேடி என்ன பயன்? கணவாய் நீரைப் பீய்ச்சும் புனல் மேலே பார்க்கும்படி கிடத்தி, உடற்சுவரின் திறந்த விளிம்பிலிருந்து வால்பக்கம் வரை நடுக்கோட்டில் கத்தரியுங்கள். கத்தரிக்கோலின் நுனி எப்போதும் மேல்நோக்கியே இருக்கட்டும். கீழே நடுவில் வெள்ளிபோல் மினுங்குவது மைப்பை. அது கிழிந்தால் தட்டைக் கழுவிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

சுவரை இரு பக்கமும் விரித்துக் குண்டூசி குத்துங்கள். கணவாய் மூச்சுவிடும் பூக்கள் இரண்டும் தெரியும். அவற்றுக்கு முன்னால், கழுத்து விளிம்புக்குக் கிட்ட, சுவரின் உட்பக்கத்தில் இடமும் வலமுமாக, நரம்புக்கலங்கள் திரண்ட ஒவ்வொரு சிறு நட்சத்திரம் இருக்கும். தொலைபேசி வெளிச்சத்தை மேலிருந்து அடிக்காமல் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தால் அதிலிருந்து விசிறிபோல் பிரியும் இழைகள் எழுந்து தெரியும். வால்பக்கம் ஓடும் மிக நீண்ட இழையைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். தூரம் போகும் நரம்பில் அக்சன் தடிப்பு, கிட்டப் போவதில் மெல்லிசு. தடித்த அக்சனில் குறி வேகமாக ஓடும். ஆகவே தலைப்பக்கத் தசையும் வால்பக்கத் தசையும் ஏறக்குறைய ஒரே கணத்தில் சுருங்கி, நீர் ஒரே பீய்ச்சலாக வெளியேறுகிறது. ஒரு திருத்தம்: கண்ணுக்குத் தெரியும் அந்த இழை நரம்பு, இராட்சத அக்சன் அதனுள்ளே இருக்கிறது. "இதுதான் அக்சன்" என்று சொல்லிவிடாதீர்கள்.

ஆற்றுவாயும் சோடியமும்

சும்மா இருக்கும் நரம்புக்கலத்தில் மென்சவ்வின் உட்பக்கம் வெளியை விட ஏறத்தாழ 70 மில்லிவோல்ற்று எதிர். சின்ன எண்ணாகத் தெரியும். மென்சவ்வின் தடிப்பு 7 நனோமீற்றர் என்று எடுத்து வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மீற்றருக்கு ஒரு கோடி வோல்ற்று வரும். வெளியே சோடியம் லீற்றருக்கு ஏறத்தாழ 145 மில்லிமூல், உள்ளே 12 அளவில். பொற்றாசியம் மறுபக்கம்: உள்ளே 140, வெளியே 4 அல்லது 5.

இனி முகத்துவாரத்தை நினைவூட்டுங்கள். மாரியில் வாவி நிரம்பும்போது கடலுக்கும் வாவிக்கும் இடையில் ஒரு மணல்திட்டுத்தான் நிற்கும். மண்வெட்டியால் ஆழமில்லாமல் கீறிவிட்டால் கொஞ்சம் நீர் கசியும், மணல் சரிந்து மூடிவிடும். ஓரளவுக்கு மேல் ஆழமாக வெட்டிவிட்டாலோ, ஓடும் நீரே மணலை அரித்து வாயை அகலமாக்கும்; அகன்ற வாயால் இன்னும் நீர் ஓடும். அதற்குப் பிறகு மண்வெட்டிக்கு வேலை இல்லை.

மென்சவ்வில் சோடியம் நுழையும் வழிகளான சோடியக் கால்வாய்களும் இப்படித்தான். −70 இலிருந்து −60 வரை உயர்ந்தால் சில கால்வாய்கள் திறக்கும், பொற்றாசியம் வெளியே கசியும் ஒழுக்கு அதை ஈடுசெய்துவிடும். −55 ஐத் தாண்டினால் உள்ளே வரும் சோடியமே அழுத்தத்தை உயர்த்தி, அந்த உயர்வு மேலும் கால்வாய்களைத் திறந்து, ஏறத்தாழ 1 மில்லிசெக்கனுக்குள் +30 ஐத் தொடும். தொடக்கத்தில் எவ்வளவு பலமாகத் தூண்டினாலும் உச்சம் அதேதான். பிறகு சோடியக் கால்வாய்கள் தாமே அடைபடும், பொற்றாசியக் கால்வாய்கள் திறந்து நேரயன்கள் வெளியேறும், அழுத்தம் இறங்கும். அடைபட்ட கால்வாய் உடனே திறக்காது. குறி முன்னால் மட்டும் போவதும் திரும்பி ஓடாததும் இதனாலேதான்.

உவமை இரண்டு இடத்தில் உடையும், அதை நீங்களே சொல்லிவிடுங்கள். வாவி நீர் வெளியே ஓடுகிறது, சோடியம் உள்ளே வருகிறது. வாய் வெட்டினால் வாவியின் மட்டம் இறங்கும்; ஒரு தாக்க அழுத்தத்தில் இடம்மாறும் அயன்களோ மிகச் சொற்பம், செறிவு மாறியதாகவே தெரியாது. "பம்பிதான் அழுத்தத்தைப் பழைய நிலைக்கு இறக்குகிறது" என்று விடைத்தாளில் எழுதுவது இது புரியாததால் வரும் பிழை. 3 சோடியத்தை வெளியேற்றி 2 பொற்றாசியத்தை உள்ளெடுக்கும் பம்பி, செறிவு வித்தியாசத்தை நாள்முழுதும் காக்கிறது. கணத்துக்குள் இறக்குவது பொற்றாசியக் கால்வாய்.

வேகத்தை அளத்தல்

25 பேர் நிலத்தில் வட்டமாக, முழங்கால் மடித்து, கண் மூடி இருக்கட்டும். பெடியன்களும் பெட்டைகளும் தனித்தனி வட்டமாக இருந்தால் கூச்சம் குறையும். ஒவ்வொருவரும் வலது கையால் அடுத்தவரின் தோளைப் பிடிக்க வேண்டும். தன் தோள் அழுத்தப்பட்டதும் அடுத்தவரின் தோளை அழுத்துவதுதான் வேலை. தொடங்குபவர் கையில் நிறுத்தற் கடிகாரம். அழுத்தம் மூன்று சுற்று ஓடி அவரிடம் திரும்பியதும் நிறுத்துவார். அடுத்து அதே இருக்கையில், அதே கையால், தோளுக்குப் பதில் கணுக்காலைப் பிடியுங்கள்.

இரண்டு முறையிலும் மூளை முடிவெடுக்கும் நேரமும் கைத்தசை சுருங்கும் நேரமும் ஒன்றே. கழித்தால் அவை போய்விடும். மிஞ்சுவது கணுக்காலிலிருந்து குறி கூடுதலாக ஓடிய தூரத்துக்கான நேரம் மட்டும். அந்தத் தூரத்தை நாடாவால் அளவுங்கள்: கழுத்தடியிலிருந்து கணுக்கால் வரையுள்ள நீளத்தில் கழுத்தடியிலிருந்து தோள் வரையுள்ளதைக் கழிக்க, 1.1 மீற்றர் அளவில் வரும். தோளுக்கு 13.5 செக்கன், கணுக்காலுக்கு 15.1 செக்கன் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 1.6. அதை 75 கைமாற்றங்களால் வகுத்தால் 0.0213 செக்கன். 1.1 ஐ இதனால் வகுத்தால் செக்கனுக்கு ஏறத்தாழ 52 மீற்றர். தொடுகையைக் கடத்தும், மயலின் என்ற கொழுப்புறை உள்ள நார்களின் வேகம் 35 முதல் 75 வரை என்பதால் இது நியாயமான விடை.

பிழை வரும் வழிகள் சில உண்டு. முதல் நான்கைந்து ஓட்டங்களில் பிள்ளைகள் பழகப் பழக நேரம் குறைந்துகொண்டே வரும், அவற்றை விட்டுவிடுங்கள். தோளை எல்லாம் முடித்துவிட்டுக் கணுக்காலுக்குப் போனால் பழக்கம் கணுக்காலுக்குச் சாதகமாகிவிடும், சிலவேளை விடை எதிர்க்குறியிலும் வரும். மாற்றி மாற்றிச் செய்து ஒவ்வொன்றிலும் பத்து எடுங்கள். தாளம் பிடித்து, உணராமலே அழுத்துபவர்கள்தான் பெரிய தொல்லை. தொடங்குபவர் சொல்லாமல் கொள்ளாமல் சிலவேளை அழுத்தாமலே விட்டால் ஆட்கள் அகப்படுவார்கள். தடித்த காலுறையைக் கழற்றச் சொல்லுங்கள்.

மயலின் இல்லாத நார்களில் வேகம் செக்கனுக்கு 0.5 முதல் 2 மீற்றர் வரைதான். கால்விரல் கதவில் அடிபட்டால் முதலில் 'அடிபட்டது' என்று தெரிந்து, மந்தமான கடுப்பு பிந்தி வருவது இதனால்.

சிரட்டையில் சினாப்சு

ஒருவர் கையில் சிரட்டை: அவர் நரம்புக்கலம். எட்டுப் பேர் கையில் புளியங்கொட்டை; நீங்கள் கைதட்டும்போது அதைச் சிரட்டையில் போடுவார்கள். ஒரு கொட்டை 1 மில்லிவோல்ற்று. 15 சேர்ந்தால் −55, உடனே அவர் "சுட்டேன்" என்று கத்திச் சிரட்டையைக் கவிழ்க்க வேண்டும், அடுத்த கைதட்டலுக்கு ஒன்றும் வாங்கக் கூடாது. இன்னொருவர் ஒழுக்கு: ஒவ்வொரு கைதட்டலுக்கும் கொட்டை போட்ட பின் இரண்டை எடுத்துவிடுவார்.

ஒருவர் மட்டும் தட்டலுக்கு ஒன்று போட்டால் எக்காலத்திலும் சுடாது. எட்டுப் பேரும் சேர்ந்து ஒவ்வொன்று போட்டால் மூன்றாம் தட்டலில் சுடும். ஒருவரே தட்டலுக்குப் பத்துப் போட்டால் இரண்டாவதில் சுடும். எட்டில் இருவரைத் தடுப்பவர்களாக்கி, தட்டலுக்கு மும்மூன்று எடுக்கச் சொன்னால் மற்ற ஆறு பேரும் விடாமல் போட்டாலும் சிரட்டை நிரம்பாது. காபா என்ற இரசாயனக் கடத்தி மூளையில் செய்வது இந்த வேலையைத்தான். உண்மையில் ஒரு சினாப்சு தருவது பெரும்பாலும் 1 மில்லிவோல்ற்றுக்கும் குறைவு. பெருமூளையின் ஒரு கலத்தில் சினாப்சுகள் ஆயிரக்கணக்கில் இருக்கும்.

சினாப்சில் நடப்பதை இப்போது சொன்னால் மண்டையில் ஏறும். குறி அக்சன் முனையை அடைந்ததும் கல்சியம் உள்ளே வரும், கடத்தி நிறைந்த புடகங்கள் மென்சவ்வோடு ஒட்டித் திறக்கும், கடத்தி 20 முதல் 40 நனோமீற்றர் இடைவெளியைப் பரவிக் கடந்து அடுத்த கலத்தின் வாங்கியில் பொருந்தும். இதற்கு அரை மில்லிசெக்கன் அளவு எடுக்கும்.

கடைசிச் சுற்றில் கொட்டையின் பொருளை மாற்றுங்கள். சிரட்டை இனித் தசையின் சினாப்சு, கொட்டை தசையைச் சுருங்கச் சொல்லும் கடத்தியான அசற்றைல்கோலின், எடுப்பவர் அதை உடைக்கும் நொதியம். எடுப்பவரின் இரண்டு கையையும் சால்வையால் கட்டிவிட்டுக் கொட்டை போடச் சொல்லுங்கள். சிரட்டை நிரம்பி வழியும். ஓகனோபொஸ்பேற்று வகைப் பீடைகொல்லி அந்த நொதியத்தைக் கட்டிப்போடும் விதம் இது. அம்பாறை வயல்களில் மருந்தடித்தவருக்கு வியர்த்து ஒழுகி, வாயில் நீர் ஊறி, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, தசை துடித்தால் அவருடைய சினாப்சுகளில் கொட்டை குவிகிறது என்று பொருள். குவிந்துகொண்டே போனால் தசை பதிலளிக்க முடியாமல் தளரும், மூச்சுத் தசையும் அப்படியே. நனைந்த உடுப்பைக் கழற்றி, சவர்க்காரமும் தண்ணீரும் கொண்டு உடம்பைக் கழுவி, அம்புலன்ஸ் இலக்கமான 1990 ஐ அழையுங்கள். கழுவுபவர் கையுறை போட வேண்டும், நஞ்சு தோலாலும் ஏறும். மருந்துப் போத்தலையோ அதன் லேபலையோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.