மேகம் சூழ்ந்ததும் திணறும் சிமுலேட்டர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எஃப்எஸ்எக்ஸ் (மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் எக்ஸ்), பிரிப்பேர் 3டி ஆகிய கணினி விமான சிமுலேட்டர்களில் தெளிந்த வானத்தில் சீராகப் பறக்கும் விமானம், ஆக்டிவ் ஸ்கை போன்ற வானிலை ஆட்-ஆனை, அதாவது சிமுலேட்டருக்குள் நிஜ வானிலையைக் கொண்டுவரும் துணை மென்பொருளை, இயக்கியதும் திக்கித் திக்கி நகர்வதுண்டு. உடனே எல்லா கிராஃபிக்ஸ் அமைப்புகளையும் குறைக்கத் தொடங்குவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. எஃப்பிஎஸ் (ஒரு நொடியில் திரையில் வரையப்படும் ஃபிரேம்கள், அதாவது படங்களின் எண்ணிக்கை) குறைவது வேறு, திணறுவது வேறு. நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஏறத்தாழ 33 மில்லிசெகண்ட் கிடைக்கிறது. அவற்றில் ஒன்று மட்டும் 200 மில்லிசெகண்டை விழுங்கினால், அந்த நொடியின் கணக்கு 25 ஃபிரேம் என்று திருப்தியாகவே காட்டும். ஆனால் ஓடுபாதை நம் கண்முன் ஒரு கணம் உறைந்து, பின் தாவும். ஆகவே எண்ணைப் பார்ப்பதைவிட, திணறல் எப்போது வருகிறது என்று பார்ப்பதே முக்கியம்.

அடர்ந்த மேகத்தை நோக்கிப் பார்க்கும்போது மட்டும் வேகம் குறைந்து, பார்வையைத் திருப்பியதும் சரியாகிவிட்டால், சுமை கிராஃபிக்ஸ் கார்டின் மீது இருக்கிறது. எங்கே பார்த்தாலும், குறிப்பிட்ட இடைவெளியில் தவறாமல் ஒரு நிறுத்தம் வந்தால், புதிய வானிலைத் தரவு சிமுலேட்டருக்குள் செலுத்தப்படும் நேரத்தைச் சந்தேகிக்க வேண்டும். இந்த இடைவெளியை மாற்ற வழியிருந்தால், மிகக் குறைவாக வைப்பதில் பயனில்லை. லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தின் மெட்டார் எனப்படும் வானிலை அறிக்கை வழக்கமாக ஒவ்வொரு மணி நேரத்திலும் 20-ஆவது, 50-ஆவது நிமிடங்களில்தான் வெளியாகிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டாலும் பெரும்பாலும் பழைய அறிக்கையே திரும்ப வரும்.

வானிலையை உருவாக்கும் இரண்டு மென்பொருள் இயந்திரங்களை ஒரே நேரத்தில் ஓடவிடுவது மிகவும் பரவலான தவறு, கண்டுபிடிக்கவும் கடினமானது. எஃப்எஸ்எக்ஸின் வானிலைப் பகுதியிலேயே, 15 நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் நிஜ வானிலை என்றொரு தேர்வு உண்டு. அதை அணைக்காமல் ஆட்-ஆனையும் இயக்கினால், இரண்டும் ஒரே வானத்தை மாற்றி மாற்றி எழுதும். மேகங்கள் சட்டென மறைந்து வேறு வடிவில் தோன்றுவதும், காற்றின் திசை ஒரே கணத்தில் மாறி விமானம் குலுங்குவதும், கூடவே திரை உறைவதும் இதன் தெளிவான அடையாளங்கள். சேமித்து வைத்த பழைய பயணத்தைத் திறக்கும்போது அதில் பதிந்திருந்த வானிலைத் தேர்வும் சேர்ந்தே திரும்பிவிடும் என்பதால், அணைத்துவிட்டோம் என்ற நினைவை நம்பாமல் ஒவ்வொரு முறையும் சரிபார்ப்பது நல்லது.

அடுத்தது, மேக டெக்ஸ்ச்சரின், அதாவது மேகத்தை வரையப் பயன்படும் படத்தின், அளவு. அழுத்தப்படாத 32 பிட் வடிவில் 1024 அளவுள்ள படம் ஒன்று 4 எம்பி எடுக்கும்; 4096 அளவுள்ளதோ 64 எம்பி, அதாவது பதினாறு மடங்கு. எஃப்எஸ்எக்ஸ் 32 பிட் மென்பொருள் என்பதால் 4 ஜிபி எல்லைக்குள் இதுவும் அடங்கியாக வேண்டும். திணறலில் தொடங்குவது நினைவகப் பற்றாக்குறையால் முழுதும் நின்றுபோவதில் முடியலாம். மேலும், எஃப்எஸ்எக்ஸிலும் பிரிப்பேர் 3டியின் 4-ஆம் பதிப்பு வரையிலும் மேகம் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட ஒளிபுகும் தட்டைப் படங்களே. ஒரே பிக்சலைப் பலமுறை வரைய வேண்டியிருக்கும் அந்த இடத்தில், கார்டின் இயக்கி (டிரைவர்) வழியாக சூப்பர்சாம்பிளிங்கை (விளிம்புகளை மென்மையாக்க ஒவ்வொரு பிக்சலையும் பலமுறை கணக்கிடும் முறையை) 8 மடங்குக்கு ஏற்றி வைத்திருந்தால் வலுவான கார்டும் தடுமாறும். மேகம் தெரியும் தூரத்தை 60 மைலிலிருந்து 110 மைலாக்குவதும் சிறிய மாற்றமன்று. வரைய வேண்டிய பரப்பு மூன்று மடங்குக்கும் மேலாகிறது. என் கருத்தில், முதலில் சூப்பர்சாம்பிளிங்கையும், பின்பு தூரத்தையும், கடைசியாக டெக்ஸ்ச்சரையும் குறைப்பதே அழகை அதிகம் இழக்காத வரிசை.

நேற்றைய தெளிந்த வானத்தையும் இன்றைய மழையையும் ஒப்பிட்டு, அமைப்பு மாற்றம் பலித்தது அல்லது பலிக்கவில்லை என்று முடிவெடுப்பதும் வீண். ஆக்டிவ் ஸ்கையில் கடந்த தேதியின் வானிலையைத் தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு. மேகமூட்டமான ஒரு நாளையும் நேரத்தையும் நிலைநிறுத்தி, அதே விமான நிலையம், அதே விமானம், அதே பார்வைக் கோணத்தில் ஒவ்வொரு அமைப்பாக மாற்றிச் சோதிக்க வேண்டும். ஷேடர் (ஒளி, நிறம் ஆகியவற்றைக் கணக்கிட கிராஃபிக்ஸ் கார்டு பயன்படுத்தும் சிறு நிரல்கள்) கோப்புறையை அழித்திருந்தால், அவை மீண்டும் உருவாகும் முதல் ஓட்டத்தில் திணறல் இயல்பாகவே கூடும் என்பதால், இரண்டாம் ஓட்டத்தையே கணக்கில் எடுக்கலாம். சிமுலேட்டரின் அமைப்புகள் பதிந்திருக்கும் சிஎஃப்ஜி கோப்பில் எதைத் திருத்துவதற்கு முன்பும் அதன் நகல் ஒன்றை வேறு கோப்புறையில் வைத்துக்கொண்டால், பலிக்காத மாற்றத்தை ஒரு நிமிடத்தில் திரும்பப் பெற்று அடுத்ததைச் சோதிக்க முடியும்.