கம்பெனி சர்வர் நின்றாலும் வீட்டு ஸ்விட்ச் வேலை செய்ய: முதல்முறை செய்பவர்களுக்கு

கீழக்கரையில் எங்கள் வீட்டு மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரை மூன்று வருடமாகக் கோலாலம்பூரிலிருந்து காக்காதான் (என் அண்ணன்) போன் ஆப்பில் போட்டு அணைத்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் காலையில் ஆப் திறக்கவே இல்லை. அந்த ஸ்மார்ட் ஸ்விட்சைச் செய்த கம்பெனி, அதை இயக்கும் தன் கணினியை, அதாவது சர்வரை, நிறுத்திவிட்டது. அறிவிப்பு, காக்கா இப்போது பார்க்காத பழைய மெயிலுக்குப் போயிருந்தது. ஸ்விட்சின் கைப்பொத்தானோ பரணுக்குப் பக்கத்தில், எட்டாத உயரத்தில். 68 வயதில் உம்மா ஸ்டூல் போட்டு ஏறி அதை அழுத்தியிருக்கிறார்கள். எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. கேட்டதும் வயிறு கலங்கிவிட்டது. உங்கள் வீட்டில் அப்படி நடக்க வேண்டாம் என்றுதான் நான் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

போனில் அழுத்தியதும் கட்டளை நேராக ஸ்விட்சுக்குப் போவதாக நினைக்கிறோம். பல கருவிகளில் அப்படி இல்லை. அது முதலில் கம்பெனியின் சர்வருக்குப் போய், அங்கிருந்து உங்கள் ரவுட்டர் வழியாகத் திரும்பி வருகிறது. ஸ்விட்ச் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் அதே சுற்றுதான். வீட்டு ஸ்மார்ட் கருவிகளை ஒன்றாக இணைக்க 300 டாலருக்கு விற்ற ரிவால்வ் என்ற கருவியின் சர்வர் 2016 மே 15-இல் நிறுத்தப்பட்டது. வாங்கியவர்கள் கையில் வெறும் டப்பாதான் மிஞ்சியது. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற ஸ்மார்ட் கருவிக் கம்பெனியின் சர்வர்கள் முன்னறிவிப்பே இல்லாமல் நின்றன. பெல்கின் கம்பெனி தன் வீமோ கருவிகளில் பெரும்பாலானவற்றுக்குச் சர்வரை நிறுத்த 2026 ஜனவரி 31 என்று தேதி குறித்தபோது, அதற்கு முன்பே ஆப்பிள் ஹோம்கிட்டில் (ஐபோனில் வீட்டுக் கருவிகளை இயக்கும் வசதி) சேர்த்தவை தொடர்ந்து வேலை செய்யும் என்றது. கவனியுங்கள், தேதிக்கு முன்பே சேர்த்தவை. எல்லாமே இந்த 'முன்பே'யில்தான் இருக்கிறது.

படி 1: நெட்டைக் கழற்றிப் பாருங்கள்

வீட்டிலுள்ள ஸ்மார்ட் கருவிகளை ஒரு தாளில் எழுதுங்கள். ரவுட்டர் ஓடட்டும், அதற்குள் வரும் நெட் இணைப்பை மட்டும் கழற்றுங்கள். ஃபைபர் இழையாக இருந்தால் மடக்காமல் மெதுவாகக் கழற்றுங்கள், நுனியைக் கண்ணுக்கு நேரே பிடிக்காதீர்கள். போனில் மொபைல் டேட்டாவை அணைத்து, வைஃபையை மட்டும் விடுங்கள். ஆப்பை முழுதாக மூடித் திறந்து ஒவ்வொரு கருவியையும் இயக்குங்கள். வேலை செய்தால் தாளில் சரி போடுங்கள், இல்லையென்றால் பெருக்கல் குறி.

அப்புறம் மெயின் ஸ்விட்சை அணைத்துப் போட்டு, டைமர் சரியான நேரத்துக்கு வேலை செய்கிறதா என்று பாருங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பல கருவிகளுக்குச் சொந்தக் கடிகாரம் கிடையாது, மணி என்ன என்பதையே நெட்டில் கேட்டுத்தான் தெரிந்துகொள்கின்றன. நம் கடற்கரையில் புயல் காற்று வந்தால் கரண்டும் நெட்டும் சேர்ந்தே போகும். கரண்ட் முதலில் வந்து நெட் வராவிட்டால் டைமர் குழம்பிவிடும்.

படி 2: செத்தது சர்வரா, கருவியா?

நம் ஊரில் இந்தச் சந்தேகம் கட்டாயம் வேண்டும். உப்புக் காற்று உள்ளே போய்ச் செம்பு பச்சை பூத்தாலும் ஆப் 'ஆஃப்லைன்' என்றுதான் காட்டும். பிரவுசரில் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைப் பாருங்கள். உங்கள் ஸ்விட்ச் ஐபி எண்ணோடு (ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் கொடுக்கும் முகவரி) அதில் இருந்தால் கருவிக்கு உயிர் இருக்கிறது, போனது பெரும்பாலும் சர்வர்தான். பட்டியலிலேயே இல்லையென்றால் வைஃபையையும் கருவியையும் முதலில் பாருங்கள்.

எதுவானாலும் ரீசெட் பொத்தானை அழுத்தாதீர்கள். எல்லோருக்கும் கை முதலில் அங்கேதான் போகும். ரீசெட் செய்த கருவி மறுபடி பதிவு செய்யக் கம்பெனி சர்வரைத்தான் தேடும். அது இல்லாதபோது கருவி ஒரேயடியாகப் போய்விடும்.

படி 3: வீட்டுக்குள் ஒரு மூளை

ஹோம் அசிஸ்டன்ட் என்பது வீட்டு ஸ்மார்ட் கருவிகளை இயக்கும் இலவச மென்பொருள், 2013-இல் தொடங்கியது. இதைப் போட்டுவிட்டால் கட்டளை வீட்டுக்குள்ளேயே சுற்றும். இதற்கு எல்லோரும் ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினியை வாங்கச் சொல்வார்கள். என் கருத்து, பழைய 64-பிட் லேப்டாப்பே நமக்கு நல்லது. பேட்டரி இருப்பதால் கரண்ட் போனாலும் ஓடும், சொந்தக் கடிகாரமும் உண்டு. ராஸ்பெர்ரி பை 4-இல் அந்தக் கடிகாரம் இல்லை. பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் அந்த லேப்டாப் வேண்டாம்.

ஹோம் அசிஸ்டன்ட் தளத்தில் சாதாரணக் கணினிக்கான இமேஜ் ஃபைலை (டிஸ்கில் அப்படியே எழுதும் முழு நகல்) இறக்குங்கள். உபுண்டு என்ற இலவச இயங்குதளம் போட்ட பென் டிரைவில் லேப்டாப்பைக் கிளப்பி, அந்த ஃபைலை உள் டிஸ்கில் எழுதுங்கள். டிஸ்கில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், படங்களை முன்பே எடுத்துவையுங்கள். லேன் கேபிளால் ரவுட்டரில் இணைத்து, லேப்டாப்புக்குக் கிடைத்த ஐபி எண்ணைப் பார்த்து, பிரவுசரில் 192.168.1.20:8123 என்பதுபோல் அடியுங்கள். முதல் தடவை திறக்க நேரமாகும், பொறுங்கள். அந்த ஐபி மாறாதபடி ரவுட்டரில் ஒதுக்கிவிடுங்கள்.

படி 4: சாவியைக் கைப்பற்றுங்கள்

ஷெல்லி கருவிகளை ஹோம் அசிஸ்டன்ட் தானாகவே கண்டுபிடித்துவிடும். விஸ் பல்புகளுக்கு அவற்றின் ஆப்பில் லோக்கல் தொடர்பை அனுமதித்தால் போதும்.

நம்மிடம் அதிகம் இருப்பது ஸ்மார்ட் லைஃப் ஆப்பில் சேரும் வகை. பெட்டியில் எந்தப் பெயர் இருந்தாலும் உள்ளே இருப்பது டுயா என்ற கம்பெனியின் தொழில்நுட்பம். ஒவ்வொன்றுக்கும் 'லோக்கல் கீ' என்ற ரகசிய எண் உண்டு. சர்வர் உயிரோடு இருக்கும்போதுதான் அதை எடுக்க முடியும். டுயாவின் டெவலப்பர் தளத்தில் கணக்கு தொடங்கி, ஒரு கிளவுட் ப்ராஜெக்ட் உருவாக்குங்கள். இந்திய டேட்டா சென்டரைத் தேர்ந்தெடுத்து, அங்கே வரும் கியூஆரை ஆப்பில் ஸ்கேன் செய்தால் உங்கள் கருவிகள் வரிசையாக வரும். டிவைஸ் ஐடியையும் லோக்கல் கீயையும் தாளில் எழுதிவையுங்கள். பிறகு ஹோம் அசிஸ்டன்ட்டில் லோக்கல் டுயா என்ற கூடுதல் இணைப்பைப் போட்டு அந்த எண்களைக் கொடுங்கள். கருவியை மறுபடி ஆப்பில் சேர்த்தால் கீ மாறிவிடும், அதையும் நினைவில் வையுங்கள்.

எங்கள் மோட்டார் ஸ்விட்சுக்கும் இப்படி ஒரு ரகசிய எண் இருந்தது. நான் எழுதிவைக்கவில்லை. புதிதாக வாங்க வேண்டியதாயிற்று.

படி 5: முதலில் ஒரே ஒரு விளக்கு

வாசல் விளக்கில் தொடங்குங்கள். ஹோம் அசிஸ்டன்ட்டின் ஆட்டோமேஷனில் (தானாக இயங்கச் சொல்லும் பகுதி) 'சூரியன் மறையும்போது' என்று தேர்ந்தெடுங்கள். உங்கள் ஊர் இருக்கும் இடத்தை வைத்து மென்பொருளே கணக்குப் போடும், நெட் வேண்டாம். எங்கள் வீட்டில் மக்ரிப் நேரத்துக்கு இப்போது தானாக எரிகிறது.

மோட்டாருக்கு மட்டும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மோட்டார் கிளம்பும் நொடியில், ஓடும்போது எடுப்பதைப்போல் பல மடங்கு கரண்ட் இழுக்கும், சின்ன ஸ்விட்சுக்குள் கரண்டைச் சேர்த்துப் பிரிக்கும் ரிலே ஒட்டிக்கொள்ளலாம். ஸ்விட்ச் கான்டாக்டரை (அதிகக் கரண்டைத் தாங்கும் பெரிய ரிலே) இயக்கட்டும், கான்டாக்டர் மோட்டாரை இயக்கட்டும். கைப்பொத்தான் வீட்டிலேயே வயதானவரின் தோள் உயரத்தில் இருக்க வேண்டும். இதில் எலக்ட்ரீஷியன் என்ன சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

படி 6: வெளியூரிலிருந்து பார்க்க

இங்கே பல ஃபைபர் இணைப்புகளில், வெளியிலிருந்து வீட்டை நேராக அடைய உதவும் தனிப் பொது ஐபி கிடைக்காது. டெயில்ஸ்கேல் என்ற, போனையும் வீட்டையும் பாதுகாப்பாக இணைக்கும் மென்பொருளைப் போட்டால் அந்தச் சிக்கல் இல்லை. காக்கா இப்போது அதில்தான் தொட்டி நிலவரம் பார்க்கிறார். அதுவும் ஒரு கம்பெனியின் சேவைதான். நின்றால் வெளியூரிலிருந்து பார்ப்பது மட்டும் போகும், வீட்டுக்குள் எதுவும் நிற்காது.

கேமராவுக்கு ஆன்விஃப் அல்லது ஆர்டிஎஸ்பி (கேமரா படத்தை மற்ற மென்பொருளுக்குக் கொடுக்கும் பொது முறைகள்) இருந்தால் ஹோம் அசிஸ்டன்ட்டில் சேர்க்கலாம். இரண்டும் இல்லாததை அடுத்து வாங்கும்போது தவிர்த்துவிடுங்கள்.

கடைசியாக, ஹோம் அசிஸ்டன்ட் பேக்கப்பைப் பென் டிரைவில் எடுத்து, அதைத் திறக்கும் குறியீட்டையும் அதே தாளில் எழுதுங்கள். அப்புறம் நெட் இணைப்பைக் கழற்றி முதல் படியை மறுபடி செய்யுங்கள். பெருக்கல் குறி எத்தனை மிச்சம் என்று எண்ணி, அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு அதில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.