குடும்பக் கடனை அடைக்க ஐந்தொகை போடுவது எப்படி?

என் அப்பா காரைக்குடியில் ஒரு கடையில் 31 வருடம் கணக்கப்பிள்ளையாக இருந்தார். வீட்டில் யாராவது காசு கேட்டால் "எவ்வளவு?" என்று கேட்க மாட்டார். "எதுல எழுதுறது ஆத்தா?" என்றுதான் கேட்பார். சின்ன வயதில் அது எனக்கு எரிச்சலாக இருக்கும். கல்யாணமாகிப் பத்து வருடம் கழித்து, எங்கள் குடும்பக் கடன் 3,83,000 ரூபாயில் வந்து நின்றபோது, அந்த ஒரு கேள்விதான் எங்களைக் கரையேற்ற ஆரம்பித்தது.

பர்மா, மலாயா என்று கடல் தாண்டிப் போய்க் கொடுக்கல் வாங்கல் செய்த ஊர் இது. பெட்டியடிப் பையனாக, அதாவது கடையில் வேலை பழகும் பையனாக, சேர்ந்தவன் முதலில் கற்றுக்கொண்டது கணக்கு எழுதத்தான். சிட்டை, பேரேடு, ஐந்தொகை. அன்றாடம் நடந்ததைக் கிறுக்கி வைப்பது சிட்டை. அதை ஆள்வாரியாக, இனவாரியாகப் பிரித்து எழுதுவது பேரேடு. எல்லாவற்றையும் கூட்டி, யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், நமக்கு எவ்வளவு வர வேண்டும் என்று ஒரே பக்கத்தில் நிறுத்துவது ஐந்தொகை. இந்த மூன்றையும் ஒரு சாதாரணக் குடும்பம் எப்படிச் செய்யலாம் என்றுதான் இங்கே எழுதுகிறேன். தேவை ஒரு 100 பக்க நோட்டு, ஒரு பேனா. கணவன் மனைவி இரண்டு பேரும் உட்கார வேண்டும், அது முக்கியம்.

முதல் படி: 30 நாள் சிட்டை

ஒரு மாதத்துக்கு எதையும் குறைக்க வேண்டாம். எழுதினால் போதும். டீ 12 ரூபாய், பூ 20, பிள்ளைக்கு ஸ்கெட்ச் பேனா 60, போனில் ஸ்கேன் செய்து கொடுத்த 35. இரவு படுக்கும் முன் அன்றைய பக்கத்தைக் கூட்டிவிடுங்கள். போனில் பணம் கட்டுகிறவர்கள் அந்தச் செயலியின் பட்டியலைப் பார்த்து எழுதலாம். நினைவை நம்ப வேண்டாம்.

முதல் மாதமே சிக்கனம் பண்ணினால் உண்மையான செலவு தெரியாமல் போய்விடும். அப்புறம் அந்தக் கணக்கை வைத்து எதுவும் செய்ய முடியாது.

இரண்டாம் படி: எல்லாக் கடனையும் ஒரே பக்கத்தில்

இதுதான் கஷ்டமான படி. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் தூங்கியபின் நானும் அவரும் பட்டாலையில் உட்கார்ந்தோம். பழைய முறுக்கு டின்னில் போட்டு வைத்திருந்த ரசீது, நகை அடகுச் சீட்டு, கார்டு ஸ்டேட்மென்ட், குழுவின் பாஸ்புக் எல்லாவற்றையும் தரையில் பரப்பினோம். நான் பிள்ளையார் சுழி போட்டு எழுத ஆரம்பித்தேன். ஐந்து கடன் எழுதி முடித்தேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இன்னொண்ணு இருக்கு" என்றார். வண்டி ரிப்பேருக்கும் தம்பி கல்யாணத்துக்குமாகத் தெரிந்தவர் ஒருவரிடம் 60,000 ரூபாய் மூணு வட்டிக்கு வாங்கியிருந்தார். எனக்குத் தெரியாது. அன்றைக்கு நான் கோபப்பட்டிருந்தால் அந்தப் பக்கம் முடிந்திருக்காது. எழுதிக்கொண்டேன். நீங்களும் அந்த நேரத்தில் எழுதுவதை மட்டும் செய்யுங்கள், கேள்வி அப்புறம்.

எங்கள் பக்கத்தில் இருந்தவை இவை. கைமாத்து 60,000. கிரெடிட் கார்டு 45,000. மகளிர் குழுக் கடனில் பாக்கி 40,000. வண்டிக் கடனில் பாக்கி 38,000. வங்கியில் நகைக் கடன் 1,50,000. என் அண்ணன் வட்டியில்லாமல் கொடுத்தது 50,000.

ஒவ்வொன்றுக்கும் எதிரே நான்கு விஷயம் எழுதுங்கள்: பாக்கி எவ்வளவு, மாதம் எவ்வளவு கட்டுகிறோம், வட்டி எவ்வளவு, யார் கையில் என்ன ஈடு இருக்கிறது. புரோநோட்டு, கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலை, நகை எல்லாமே ஈடுதான்.

மூன்றாம் படி: வட்டியை ஒரே அளவில் மாற்றுங்கள்

முதன்முறையாகக் கணக்குப் போடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒருவர் மாத வட்டி சொல்வார், வங்கி வருட வட்டி சொல்லும், வண்டிக் கடன் தருகிறவர் "பிளாட் ரேட்" என்பார். அரிசியைப் படியிலும் கிலோவிலும் மாற்றி மாற்றிச் சொன்னால் எது விலை குறைவு என்று தெரியுமா? எல்லாவற்றையும் வருடத்துக்கு 100 ரூபாய்க்கு எவ்வளவு என்று மாற்றிவிடுங்கள்.

மூணு வட்டி என்றால் மாதம் 100க்கு 3. வருடத்துக்கு 36. கார்டில் எங்களுக்குப் போட்டது மாதம் 3.5. வருடத்துக்கு 42. அதன்மேல் அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி தனி. குழுக் கடன் வருடத்துக்கு 24. வங்கி நகைக் கடன் 9.

பிளாட் ரேட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு லட்சம் ரூபாயை 10 சதவீத பிளாட் வட்டியில் 2 வருடத்துக்கு வாங்கினால், வட்டி 20,000. மாதத் தவணை 5,000. கேட்க 10 சதவீதம்தான். ஆனால் மாதாமாதம் அசலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறோம். வட்டி மட்டும் முழு லட்சத்துக்கும் கடைசி மாதம் வரை ஓடுகிறது. உண்மையில் அது ஏறக்குறைய 18 சதவீதம். எங்கள் வண்டிக் கடன் அப்படித்தான்.

இப்போது பக்கத்தைப் பாருங்கள். நாங்கள் ராத்தூக்கம் இல்லாமல் கவலைப்பட்டது 1,50,000 நகைக் கடனை நினைத்து. அதற்கு வருட வட்டி 13,500. கைமாத்தும் கார்டும் சேர்ந்து 1,05,000தான். அவற்றுக்கு வருட வட்டி, ஜிஎஸ்டியைச் சேர்க்காமலே, 40,500. தொகை பெரியது எது என்று பார்த்துப் பயந்துகொண்டிருந்தோம். எங்களைத் தின்றுகொண்டிருந்தது சின்னக் கடன்கள்.

கார்டில் "குறைந்தபட்சத் தொகை" கட்டினால் போதும் என்று நினைக்கிறவர்களுக்கு எங்கள் ஸ்டேட்மென்ட்டையே சொல்கிறேன். 45,000 பாக்கிக்கு 2,250 கட்டினோம். அதில் வட்டி 1,575. வட்டிக்கு ஜிஎஸ்டி 283. அசலில் கழிந்தது 392 ரூபாய். பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாத நாட்கள் கிடையாது. அதனால் அன்றைக்கே கார்டை எடுத்து நகைப்பெட்டிக்குள் வைத்துவிட்டோம்.

நான்காம் படி: வட்டி கூடியதை வட்டி குறைந்ததால் அடையுங்கள்

என் இரண்டு வளையல்களை வங்கியில் வைத்து 60,000 வாங்கினோம். நேராக அந்தக் கைமாத்துக்காரரிடம் போய்க் கட்டினோம். மாதம் 1,800 கொடுத்துக்கொண்டிருந்த வட்டி 450 ஆனது. கடன் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை, ஆனால் மாதம் 1,350 ரூபாய் கையில் நின்றது.

இதில் கவனம் வேண்டிய இடங்கள் உண்டு. பணம் கொடுத்த அன்றே, அந்த இடத்திலேயே, புரோநோட்டையும் காசோலையையும் திரும்ப வாங்குங்கள். "நாளைக்குத் தேடித் தாரேன்" என்றால், "பரவாயில்லண்ணே, எடுத்து வைங்க, நாளைக்கே வந்து பணத்தைக் கொடுக்கிறோம்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். நாங்கள் அப்படி ஒருமுறை திரும்பி வந்தோம். மறுநாள் நோட்டு கிடைத்தது.

நகைக் கடனுக்குப் பெரும்பாலும் ஒரு வருடக் கெடு. அந்தத் தேதியைக் காலண்டரில் சிவப்பில் எழுதுங்கள். தவறினால் ஏலம் வரை போகும். வருட வட்டியை மாதாமாதம் பிரித்துத் தனியாக எடுத்து வைத்தால் கெடு அன்று திண்டாட வேண்டாம். நகைகளைத் தனித்தனிக் கடனாக வையுங்கள். ஒன்றை மட்டும் மீட்க அது வசதி.

வட்டி கேட்டு வீட்டுக்கு வந்து மிரட்டுகிற நிலை இருந்தால் இந்தப் படிக்காகக் காத்திருக்காதீர்கள். கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் இதெல்லாம் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். காவல் நிலையத்திலோ கலெக்டர் அலுவலகத்திலோ மனு கொடுக்கலாம். பணத்தை நீதிமன்றத்தில் கட்டவும் அந்தச் சட்டத்தில் வழி இருக்கிறது.

ஐந்தாம் படி: குடித்தனத்தை வேறு வையுங்கள்

நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகளில் கல்யாணமான மகனை "வேறு வைப்பது" என்று ஒரு வழக்கம். வீட்டைவிட்டு அனுப்புவது இல்லை. அதே வளவு, அதே கூரை. ஆனால் அடுப்பு தனி, கணக்கு தனி. வருடத்துக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு பணம் என்று கொடுத்துவிடுவார்கள். அதற்குள் புதுத் தம்பதி குடித்தனம் நடத்தக் கற்றுக்கொள்ள வேண்டும். கோடிக்கணக்கில் சொத்து இருந்த வீட்டிலும் இப்படித்தான். எனக்கு இந்த வழக்கத்தின்மேல் பெரிய மரியாதை உண்டு.

அதையே நாங்கள் செய்தோம். இரண்டு பேர் சம்பாத்தியமும் சேர்ந்து 32,000. ஏற்கெனவே மாதம் 10,675 கடனுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. சிட்டையைப் பேரேடாகப் பிரித்துப் பார்த்து இன்னும் 3,000 எடுக்க முடியும் என்று கண்டோம். சம்பளம் வந்த அன்றே 13,675 கடனுக்கு. மீதிதான் எங்களை வேறு வைத்த பணம். வாடகை போக இருந்ததை நான்கு கவரில் போட்டு, வாரம் ஒரு கவர் பிரித்தோம்.

அந்த 3,000 எங்கிருந்து வந்தது? வெளிச்சாப்பாட்டில் 1,200. பலசரக்கில் 900. பெட்ரோலில் 500, சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, நான் வேலைக்கு அதில் போக ஆரம்பித்தேன். படம் பார்க்கும் சந்தாக்களில் 400. மின்கட்டணம் தனி மிச்சம். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் வேறு கட்டணப் பட்டியலுக்குப் போய்விடும், கீழே உள்ள சில யூனிட்டுகளுக்கும் கூடுதலாகும். நாங்கள் 520, 530 என்று போய்க்கொண்டிருந்தோம். மாதத்துக்கு ஒருமுறை மீட்டரைப் பார்க்க ஆரம்பித்ததும் நின்றது.

பலசரக்கில் கைகொடுத்தது அப்பத்தா சமையல். சித்திரை வெயில் நம் ஊரில் சும்மாவா அடிக்கிறது? கொத்தவரங்காய் விலை மலிந்த வாரத்தில் மூன்று கிலோ வாங்கி, உப்புப் போட்டு அரைவேக்காடு வேகவைத்து, மொட்டை மாடியில் பழைய வேட்டியில் பரப்பினேன். நான்கு நாளில் கையால் ஒடித்தால் சடக்கென்று ஒடியும் பதம். சுண்டைக்காய், மாங்காய், மோர் மிளகாய் எல்லாம் அப்படித்தான். காய் விலை ஏறும் ஐப்பசியில் அதுவே மண்டி, அதாவது அரிசி களைந்த தண்ணீரில் வைக்கும் குழம்பு. அரிசி களைந்த இரண்டாம் தண்ணீரை எடுத்து வையுங்கள். சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய் தாளித்து, ஊறிய வத்தலைப் போட்டு வதக்கி, புளியை அந்தக் கழனித் தண்ணீரில் கரைத்து ஊற்றிக் கொதிக்க விட்டால், கெட்டியாக இறுகி வரும். பருப்பே வேண்டாம். ரேஷனில் கிடைக்கும் துவரம் பருப்பும் பாமாயிலும் மாதம் முழுக்க வருவதற்கு இதுதான் காரணம்.

பிள்ளைகளின் பாலிலும் முட்டையிலும் கை வைக்கவில்லை. மருந்திலும் வைக்காதீர்கள்.

விசேஷங்களுக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். எங்கள் பக்கம் தாய்மாமன் செய்முறை என்றால் விட முடியாது. வருடத்தில் வரப்போகும் காதுகுத்து, கல்யாணம், ஜூன் மாதப் பள்ளிக் கட்டணம், தீபாவளி எல்லாவற்றையும் கூட்டி 12ஆல் வகுத்து, அதற்கு ஒரு கவர் போட்டோம். சீர்த்தட்டு எண்ணிக்கையைக் குறைத்தோம். யாரும் கேட்கவில்லை.

ஆறாம் படி: மாதம் ஒரு ஐந்தொகை

ஒவ்வொரு மாதக் கடைசியிலும் கடன் பக்கத்தைப் புதிதாக எழுதுங்கள். பழைய பக்கத்தில் அடித்துத் திருத்த வேண்டாம். கூடுதலாகக் கிடைக்கும் பணம் முழுக்க வட்டி கூடிய கடனுக்கு மட்டும். மற்றதற்குத் தவணை மட்டும்.

பழைய 2,250, வட்டியில் மிஞ்சிய 1,350, புதிதாக எடுத்த 3,000 எல்லாம் சேர்த்து, கார்டுக்கு மாதம் 6,600 போட்டோம். ஒன்பதாவது மாதத்தில் கார்டுக் கடன் தீர்ந்தது. அந்த 6,600ஐ அப்படியே குழுக் கடனின் தவணையோடு சேர்த்தோம். அது மூன்றே மாதத்தில் தீர்ந்தது. 14ஆம் மாதம் வண்டிக் கடன். நிறுவனத்திடம் கடன் முடிந்த சான்றிதழைக் கேட்டு வாங்கி, ஆர்.சி. புத்தகத்தில் அடமானத்தையும் மறக்காமல் நீக்கிவிடுங்கள். கார்டை "செட்டில்மென்ட்" என்று குறைத்து முடிக்கச் சொல்லி போன் வரும். அது சிபில் எனப்படும் கடன் வரலாற்றுப் பதிவில் அப்படியே நிற்கும். முழுதாகக் கட்ட முடிந்தால் முழுதாகவே கட்டுங்கள்.

அண்ணன் பணத்துக்கு வட்டி இல்லை என்பதால் கணக்குப்படி அது கடைசி. ஆனால் அவரிடம் நேரில் போய்ப் பக்கத்தைக் காட்டி, எப்போது ஆரம்பிப்போம் என்று சொன்னேன். "நீ கணக்கு எழுதுறியே, அது போதும் தங்கச்சி" என்றார். அவருக்கு அவசரம் என்று வந்திருந்தால் வரிசையை மாற்றியிருப்பேன். உறவுக்கு வட்டிக் கணக்கு பார்க்க மாட்டேன்.

18ஆம் மாதம் வளையல் வீடு வந்தது. அன்றைய பக்கத்தில் இரண்டே வரிதான்: நகைக் கடன் 1,50,000, அண்ணன் 50,000. அடுத்த மாதத்திலிருந்து அண்ணனுக்கு 2,500, மீதி நகைக்கு என்று என் கணவர்தான் எழுதினார்.