கடலோர வீடுகளில் ரெட் ஜிஞ்சர் வளர்ப்பு

நாற்றுப்பண்ணைகளில் ‘ரெட் ஜிஞ்சர்’ என்ற பெயரில் விற்கப்படும் அழகுச்செடி, நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அரத்தைக்கு நெருங்கிய உறவு. சமையல் இஞ்சிக்கோ சற்றுத் தூரத்து உறவுதான். பசிபிக் பெருங்கடலின் தென்மேற்குத் தீவுகளைத் தாயகமாகக் கொண்ட இச்செடி வெப்பத்தையும் ஈரக்காற்றையும் விரும்புவதால், கடலூர், புதுச்சேரித் தட்பவெப்பம் இதற்கு நன்றாகவே பொருந்துகிறது. உப்புத் தண்ணீரையும் வேரடியில் தேங்கும் மழைநீரையும் மட்டும் இது தாங்காது.

காலை வெயில் மூன்று நான்கு மணி நேரம் விழுந்து, உச்சிவெயில் மரநிழலில் வடிந்து இறங்கும் இடமே உகந்தது. வீட்டின் கிழக்குப் பக்கத்தில் நட விரும்புவோர், கடற்காற்று நேரே மோதாதவாறு ஒரு சுவரோ வேலியோ மறைவாக இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்; இல்லையேல் அகன்ற இலைகள் நார்நாராகக் கிழிந்துவிடும். தேவனாம்பட்டினம் போன்ற மணற்பாங்கான பகுதிகளில் தொழுவுரமும் தென்னை நார்க்கழிவும் தாராளமாகச் சேர்க்க வேண்டும். பாகூர்ப் பக்கத்துக் களிமண்ணில் குழி தோண்டி நடுவதைவிட, ஓரடி உயரத்திற்கு மேட்டுப்பாத்தி அமைத்து நடுவதே நல்லது.

நடவுக்கு ஆடி மாதத்தையே நான் பரிந்துரைப்பேன். அக்னி நட்சத்திரத்தின் கடுமை தணிந்து, அவ்வப்போது மாலை மழையும் கிடைக்கும் அந்தப் பருவத்தில் நட்டால், ஐப்பசி அடைமழைக்கு முன்பே வேர் பிடித்துவிடும். மழை ஓய்ந்து தை மாதத்தில் நடுவோரும் உண்டு. ஆனால் இளஞ்செடி வளர்ந்து நிற்பதற்குள் கோடை வந்துவிடுவதால் கவனிப்பு இரட்டிப்பாகத் தேவைப்படும். இரண்டு மூன்று முளைகள் உள்ள கிழங்குத் துண்டை இரண்டு அங்குல ஆழத்தில், செடிக்குச் செடி ஒரு மீட்டருக்குக் குறையாத இடைவெளியில் பதிக்க வேண்டும். தொட்டியில் வளர்ப்பதானால் வாய் அகன்ற பெரிய தொட்டி அவசியம்.

கோடையில் நாள்தோறும் தண்ணீர் விட வேண்டும். கடலோர ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் நீர் உவர்ப்பாக இருப்பதால், இலையின் நுனியும் ஓரமும் பழுப்பேறிக் கருகுவதைக் கண்டால், பூச்சி என்று எண்ணி மருந்தடிப்பதற்கு முன் தண்ணீரைச் சந்தேகிப்பதே சரி. சேமித்த மழைநீரையோ குழாயில் வரும் நல்ல தண்ணீரையோ தொட்டியின் அடித்துளை வழியே வடியும் அளவுக்கு ஊற்றினால் மண்ணில் படிந்த உப்பு கரைந்து வெளியேறும். புதிய இலைகளில் நரம்பு மட்டும் பச்சையாக இருக்க, மற்ற இடம் மஞ்சளித்தால் அது இரும்புச் சத்துக் குறைபாடு. ஒரு லிட்டர் நீருக்கு ஐந்து கிராம் அன்னபேதி உப்பை (ஃபெரஸ் சல்பேட்) கரைத்து, மாலை வேளையில் இலைகளில் தெளிக்கலாம். மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய்க் கரைசலே போதும். உரத்தைப் பொறுத்தவரை, மாதம் ஒருமுறை மண்புழு உரம் இட்டு, காய்ந்த சருகால் மூடாக்குப் போட்டு வைத்தால் வேறெதுவும் பெரிதாகத் தேவையில்லை.

நாம் பூ என்று ரசிக்கும் சிவப்பு அடுக்குகள் உண்மையில் பூவிதழ்கள் அல்ல; பூவைத் தாங்கி நிற்கும், நிறம் மாறிய இலைகளான மடல்களே. உற்றுப் பார்த்தால் மடல்களின் இடுக்கிலிருந்து சின்னஞ்சிறு வெள்ளைப் பூக்கள் எட்டிப் பார்ப்பது தெரியும். பூங்கொத்து முதிர்ந்தபின் அதே இடுக்குகளில் குட்டிக் கன்றுகள் முளைத்து, அவற்றின் பாரத்தால் தண்டு தரையை நோக்கி வளையும். வேர் எட்டிப்பார்க்கும் கன்றுகளைக் கிள்ளி, ஈரமான நார்க்கழிவில் ஊன்றி, நிழலில் வைத்தால் புதுச்செடி கிடைக்கும். கிழங்கைப் பிரித்து நடுவதைவிட இவ்வழியில் பூக்க அதிகக் காலம் பிடிக்கும்.

ஒரு தண்டு ஒருமுறைதான் பூக்கும் என்பதால், பூத்து ஓய்ந்ததை அடியோடு வெட்டிவிட வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று இக்கரையைக் கடந்த தானே புயலைப் போன்றதொரு காற்றில் தண்டுகள் எல்லாம் சாய்ந்தாலும் தூரைப் பிடுங்கி எறிய வேண்டாம்; உடைந்தவற்றை நறுக்கி, இலைகளில் படிந்த உப்பை நல்ல தண்ணீரால் கழுவி, தேங்கிய நீரை வடித்துவிட்டால், அழுகாத கிழங்கு மீண்டும் துளிர்க்கும்.

வெட்டியபின் மடல்கள் மேலும் விரிவதில்லை. ஆகவே பெரும்பாலான மடல்கள் விரிந்த கொத்தை விடியற்காலையில் நறுக்குவது நல்லது. மடல்களுக்குள் எறும்பு ஒளிந்திருக்கும் என்பதால், கூடத்தில் வைக்கும் முன் கொத்தை வாளித் தண்ணீரில் தலைகீழாகச் சிறிது நேரம் அமிழ்த்தி உதறிக்கொள்ள வேண்டும்.