பேசியும் கிடைக்காத சிபி

எம்பிஏ சேர்ந்த முதல் வாரமே காதில் விழும் சொல் ‘சிபி’. கிளாஸ் பார்ட்டிசிபேஷன். விவாதத்தில் கலந்துகொள்வதற்கான மதிப்பெண். 1961-ல் அகமதாபாத் ஐஐஎம் தொடங்கியபோது ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் கைகொடுத்தது. கேஸை, அதாவது ஒரு நிறுவனம் முடிவெடுக்க வேண்டியிருந்த சூழலை விவரிக்கும் குறிப்பை, வைத்து விவாதிக்கும் முறையும் கூடவே வந்தது. ஹார்வர்டில் பல பாடங்களில் பாதி மதிப்பெண் வரை இதற்கே போகும். இங்கே பெரும்பாலும் அதைவிடக் குறைவு. ஆனாலும் கிரேடை மாற்ற அது போதும்.

ஒரு கணக்கு போடுங்கள். வகுப்பு 75 நிமிடம், மாணவர்கள் 65 பேர். பேராசிரியர் வாயே திறக்காவிட்டாலும் தலைக்கு ஒரு நிமிடம் சொச்சம்தான். அந்த நிமிடத்தில் “இவர் சொன்னதையே நானும் சொல்ல வந்தேன்” என்று ஆரம்பித்தால், பின்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுக்கும் உதவியாளரின் பேனா அசையாது. பேசவேண்டுமே என்று பேசுவதற்குச் சில வளாகங்களில் ‘டிசிபி’ என்று பட்டப்பெயரே உண்டு: டெஸ்பரேட் சிபி. பேராசிரியருக்கு முன்பே பக்கத்து இருக்கைக்காரர் கண்டுபிடித்துவிடுவார்.

நான் செய்த தவறு வேறு. ராத்திரி உட்கார்ந்து ஒரே ஒரு பாயின்ட்டைச் செதுக்கி எடுத்துக்கொண்டு போவேன். ஒருநாள், ஒரு பால் நிறுவனம் ஐஸ்கிரீமில் இறங்கலாமா என்ற கேஸ். மூன்றாவது அட்டவணையிலிருந்து லாப விகிதம் கணக்கிட்டு வைத்திருந்தேன். கை தூக்கி அரைமணி நேரம் ஆயிற்று. அதற்குள் பேச்சு, கடைகளுக்கு ஃப்ரீசர் யார் வாங்கித் தருவது என்பதற்கு வந்துவிட்டது. என் பெயர் கூப்பிடப்பட்டதும் லாப விகிதத்தைக் கடகடவென்று ஒப்பித்தேன். “சரி, இப்போது நாம் எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்?” என்று கேட்டார் பேராசிரியர். எனக்குத் தெரியவில்லை. என் வரியை மனதுக்குள் உருப்போட்டதில் எதுவும் காதில் ஏறவில்லை. ஃப்ரீசர் செலவைச் சேர்த்தால் அந்த லாபத்தில் எவ்வளவு மிஞ்சும் என்று அதே எண்ணை வைத்துக் கேட்டிருந்தால், விவாதம் ஒரு படி நகர்ந்திருக்கும்.

அப்புறம், கடைசியில் அந்த நிறுவனம் என்ன செய்தது என்று இணையத்தில் பார்த்துவிட்டு வந்து சொல்வது. கெட்டிக்காரத்தனம் போலத் தோன்றும். ஆனால் கேஸில் இருப்பவர் கையில் அன்று இருந்த தகவலை வைத்து முடிவெடுப்பதுதான் அந்த வகுப்பின் வேலை. விடையைப் போட்டுடைத்தவரைப் பல பேராசிரியர்கள் மறுபடி கூப்பிடவே தயங்குவார்கள்.

ஆங்கிலம் தடுமாறுமே என்று பயந்து நவம்பர் வரை வாயைத் திறக்காமல் இருப்பவர்கள் நம் பக்கத்து ஆட்கள் நிறைய. நாள் ஆக ஆக முதல் வாக்கியம் கனமாகிக்கொண்டே போகும். இரண்டாவது வகுப்பிலேயே ஒரு சின்னக் கேள்வி கேட்டுவிடுங்கள். “இந்த எண் ஒரு மாதத்துக்கா, ஒரு வருடத்துக்கா?” என்பதுகூடச் சில சமயம் மொத்த வகுப்பின் கணக்கையும் திருத்திவிடும்.

டெர்ம் முடிந்த பிறகு “சார், சிபி ஏன் குறைவு?” என்று மின்னஞ்சல் அனுப்பிப் பயனில்லை. பாதி டெர்மில் போய்க் கேளுங்கள். நான் அப்படிப் போனபோது அவர் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “ஆறு முறை பேசியிருக்கிறாய். ஐந்து முறை அதற்கு முந்தைய பேச்சுக்குச் சம்பந்தமே இல்லை” என்றார்.