வண்ண அடுக்குக் கடல்பாசி: முதல்முறை செய்பவர்களுக்கான செய்முறை

இராமநாதபுரம் கடற்கரையில் நோன்பு மாதம் பிறந்துவிட்டால், அஸர் என்னும் பிற்பகல் தொழுகை முடிந்த கையோடு, ஜெல்லி போன்ற கடல்பாசி இனிப்புத் தட்டுகள் வீட்டுக்கு வீடு கைமாறத் தொடங்கிவிடும். கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் நோன்புக் கஞ்சிக்குப் பக்கத்தில் கடல்பாசி இல்லாத விரிப்பைக் காண்பது அரிது. பெருநாளுக்கும், தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் கிறிஸ்துமஸுக்கும், எல்லா ஊர்களிலும் பிள்ளைகளின் பிறந்தநாளுக்கும் அதே பாசி பல நிற அடுக்குகளாக உருமாறி வருகிறது. ஒரே நிறத்தில் செய்வதற்குப் பெரிய திறமை தேவையில்லை. அடுக்கடுக்காகச் செய்யும்போதுதான் பலரும் தடுமாறுகிறார்கள். ஓர் அடுக்கின்மேல் அடுத்ததை எந்த நேரத்தில், எந்தச் சூட்டில் ஊற்றுகிறோம் என்பதில்தான் அந்தத் தடுமாற்றம் இருக்கிறது. ஆகவே மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, அந்த இடத்தில் மட்டும் சற்று நேரம் நிற்கப் போகிறேன்.

எந்தப் பாசி, எவ்வளவு

மளிகைக் கடையில் கடல்பாசி என்றும், சைனா கிராஸ் என்றும், அகர் அகர் என்றும் விற்பது எல்லாம் ஒரே பொருள்தான். அது செந்நிறப் பாசிகளிலிருந்து எடுக்கப்படுகிறது. மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டி நம் கரைப் பெண்கள் மூழ்கிச் சேகரிக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் அந்த இனத்தைச் சேர்ந்தவை. அவர்கள் சேகரிக்கும் கட்டக்கோரை வேறு இனம், அதில் அகர் கிடையாது. கரையில் காய்கிற பாசியை அப்படியே வாங்கி வந்து இந்தப் பலகாரத்தைச் செய்துவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அதில் உப்பும் மணலும் சிப்பித் துகளும் கடல் வாடையும் இருக்கும், நிறமும் தெளியாது. சுத்திகரித்து, வெண்ணிற இழைகளாகப் பொட்டலத்தில் வருவதையே வாங்குங்கள்.

20 சென்டிமீட்டர் நீள அகலமுள்ள சதுரத் தட்டு ஒன்றுக்குக் கணக்குச் சொல்கிறேன். ஓர் அடுக்குக்கு 200 மில்லி வீதம் ஊற்றினால் ஏறத்தாழ அரை சென்டிமீட்டர் கனம் கிடைக்கும். ஆறு அடுக்குகள் சேர்ந்து மூன்று சென்டிமீட்டர் உயரம் வரும். இதற்கு இழைப் பாசி 20 கிராம், தண்ணீர் 1,100 மில்லி, கெட்டித் தேங்காய்ப்பால் 150 மில்லி, சீனி ஏறத்தாழ 125 கிராம், கருப்பட்டி 60 கிராம், ரம்பை இலை (பாண்டான் என்னும் மண இலை) நான்கு, சங்குப்பூ பதினைந்து, உப்பு ஒரு சிட்டிகை தேவை. இழைக்குப் பதிலாகத் தூள் வைத்திருந்தால் இதே எடையைப் போட்டுவிடாதீர்கள். பல தூள்கள் இழையைவிட வலுவானவை. பொட்டலத்தில் அச்சிட்டுள்ள அளவைப் பின்பற்றுவதே பாதுகாப்பு.

தண்ணீரைப் பற்றியும் ஒரு சொல். கடலோர ஊர்களில் கிணற்றுத் தண்ணீர் பெரும்பாலும் உவர்ப்பாக இருப்பதால், அதில் காய்ச்சிய பாசியின் தெளிந்த அடுக்கில் அந்த உவர்ப்பு நாக்கில் தெரியும். காவிரிக் கூட்டுக் குடிநீரோ கேன் தண்ணீரோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பாசியைக் காய்ச்சுதல்

இழைகளைக் கத்தரிக்கோலால் விரல் நீளத்துக்கு வெட்டி, தண்ணீரில் அரை மணி நேரம் ஊற வைத்துப் பிழிந்தெடுங்கள். அளந்து வைத்த 1,100 மில்லி தண்ணீரில் அதைப் போட்டு மிதமான தீயில் கொதிக்க விடுங்கள். பாசி முழுமையாகக் கரைவதற்குக் கொதிநிலை தேவை என்பதால், வெதுவெதுப்பான நீரில் எவ்வளவு கிளறினாலும் பயன் இல்லை. பத்து, பதினைந்து நிமிடங்களில் கரண்டியைத் தூக்கிப் பார்த்தால் அதன் முதுகில் ஓர் இழைகூட ஒட்டியிருக்கக் கூடாது. கண்ணாடி போல வழிய வேண்டும். அந்த நிலை வருவதற்கு முன் சீனியைப் போட்டால் பாசி கரைவது தாமதப்படும். கரைந்த பின் வடிகட்டி அளந்து பாருங்கள். 900 மில்லி இருக்க வேண்டும்; குறைந்தால் வெந்நீர் சேர்க்கலாம், கூடினால் இன்னும் சிறிது கொதிக்க விடலாம்.

ஒரு தேக்கரண்டிப் பாசியைக் குளிர்ந்த தட்டில் விட்டு இரண்டு நிமிடம் காத்திருங்கள். விரலால் நகர்த்தும்போது குழையாமல் முழுதாக நகர்ந்தால் பதம் சரி.

பாசி ஏறத்தாழ 40 டிகிரிக்கும் கீழே இறங்கும்போது உறையத் தொடங்குகிறது. ஆனால் உறைந்தது மீண்டும் உருகுவதற்கு 85 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். இந்த இடைவெளிதான் நமக்குக் கிடைத்திருக்கும் வசதி. சித்திரை வெயிலில் மின்சாரம் போனாலும், குளிர்பெட்டி இல்லாத வீட்டிலும் இந்தப் பலகாரம் உறைந்து நிற்பதற்கு அதுவே காரணம். ஆனால் ஆறு அடுக்கும் ஊற்றி முடியும்வரை பாத்திரத்தில் உள்ள பாசி உறையாமல் இருக்க வேண்டுமே! அதற்காக அந்தப் பாத்திரத்தை மூடி, கொதிநீர் உள்ள அகன்ற சட்டிக்குள் இறக்கி, அடியில் சிறு தீ எரியட்டும். தவறி உறைந்துவிட்டாலும் கவலை வேண்டாம். இரண்டு கரண்டி தண்ணீர் தெளித்து மறுபடியும் கொதிக்க வைத்தால் பழைய நிலைக்கு வந்துவிடும்.

நிறங்கள்

ஒவ்வோர் அடுக்குக்கும் 150 மில்லி பாசியும் 50 மில்லி நிறச் சாறும் என்பது கணக்கு. கீழிருந்து மேலாக வெள்ளை, பழுப்பு, வெள்ளை, பச்சை, வெள்ளை, நீலம் என்று அடுக்கலாம். இடையிடையே வெள்ளை வருவதால் மற்ற நிறங்கள் ஒன்றில் ஒன்று கலந்து மங்கலாகத் தெரியாது.

வெள்ளைக்குத் தேங்காய்ப்பால். அதைப் பாசியோடு சேர்த்துக் கொதிக்க விட்டால் திரிந்து எண்ணெய் மிதக்கும். வெதுவெதுப்பாகச் சூடாக்கி, அடுப்பிலிருந்து இறக்கிய பாசியில் கலப்பதே முறை. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பாலை நேராக ஊற்றிவிடாதீர்கள். பட்ட இடத்தில் பாசி உறைந்து இட்லிமாவுக் கட்டிபோல் திரண்டுவிடும். இந்த விதி எல்லா நிறச் சாறுகளுக்கும் பொருந்தும். வெள்ளை அடுக்கு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மேசைக்கரண்டி சீனியும், முதல் அடுக்கில் அந்தச் சிட்டிகை உப்பும் போதும்.

பழுப்புக்குச் சாயல்குடிப் பக்கத்துப் பனங்கருப்பட்டி. நாற்பது மில்லி தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டுங்கள். அடியில் தங்கும் மண்ணையும் சுண்ணாம்பையும் பார்த்தால் ஏன் வடிகட்டச் சொன்னேன் என்பது புரியும். இதற்குச் சீனி வேண்டாம். பச்சைக்கு ரம்பை இலையை நறுக்கி, சிறிது தண்ணீர் விட்டு அரைத்துப் பிழிந்த சாறு. மணத்துக்காகவே நான் இதை வைத்திருக்கிறேன்; பச்சை நிறச் சொட்டு மருந்து இந்த மணத்தைத் தராது. நீலத்துக்குச் சங்குப்பூவின் காம்பையும் அடியில் உள்ள பச்சைப் பகுதியையும் கிள்ளிவிட்டு, இதழ்களை 60 மில்லி வெந்நீரில் பத்து நிமிடம் போட்டு வடிகட்டினால் ஆழ்ந்த நீலம் இறங்கும். அதில் நாலைந்து சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் கண்முன்னே ஊதாவாக மாறும். பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். எலுமிச்சையை அடுப்பிலிருந்து இறக்கிய பின்னரே சேர்க்க வேண்டும். புளிப்போடு சேர்ந்து கொதித்தால் பாசியின் உறையும் வலு குறைந்துவிடும். பச்சைக்கும் நீலத்துக்கும் வெள்ளைக்குப் போட்ட அளவு சீனியே போதும்.

அடுக்குதல்

பெருநாளுக்காக நான் முதன்முதலில் செய்த தட்டு பார்வைக்கு அழகாக இருந்தது. கத்தியை வைத்துத் துண்டைத் தூக்கியபோது வெள்ளை மட்டும் கையோடு வந்தது. அடியில் இருந்த பச்சை தட்டிலேயே தங்கிவிட்டது. மற்றொரு துண்டில் நீலம் வழுக்கிக் கொண்டு தரையில் விழுந்தது. பக்கத்து வீட்டு லாத்தா (அக்கா) வந்து தட்டை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்துவிட்டு, "ஊத்திட்டு வேற வேலைக்குப் போய்ட்டீங்களாக்கும்? பாசி வேர்த்துருச்சும்மா. வேர்த்ததுக்கு மேல ஊத்துனா எப்படி ஒட்டும்?" என்றார். அந்த ஒரு கேள்வியில் முழுப் பாடமும் இருந்தது.

உறைந்த பாசி நேரம் ஆக ஆகத் தன்னுள் உள்ள நீரைச் சிறிது சிறிதாக வெளியே விடும். மேற்பரப்பில் முத்து முத்தாக நிற்கும் அந்த நீர், அடுத்த அடுக்கைத் தொட விடாமல் நடுவில் படலமாக நின்றுவிடுகிறது. மாறாக, உறைவதற்கு முன்பே ஊற்றினால் மேலே விழும் பாசி அடியில் உள்ளதைத் துளைத்துக் கொண்டு இறங்கி, இரண்டு நிறமும் கலங்கிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே, மேற்பரப்பு உறைந்தும் உறையாமலும் பிசுபிசுப்பாக இருக்கும் சில நிமிடங்களே நமக்கு உரிய நேரம்.

அதைக் கண்டுபிடிக்க ஆள்காட்டி விரல் போதும். தட்டின் ஓரத்தில் மெதுவாகத் தொடுங்கள். விரலில் நிறம் ஒட்டி வந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். விரல் லேசாகப் பிடிபட்டு, தூக்கும்போது மேற்பரப்பும் ஒரு நூல் அளவு எழும்பி விடுபட்டு, விரலில் எதுவும் ஒட்டாமல் இருந்தால் உடனே ஊற்றலாம். விரல் வழவழவென்று வழுக்கினால் நேரம் கடந்துவிட்டது என்று பொருள். அப்போதும் தட்டைக் கொட்டிவிட வேண்டியதில்லை: சுத்தமான பருத்தித் துணியால் நீரை ஒற்றி எடுத்து, முள்கரண்டியால் மேற்பரப்பில் மெல்லிய கீறல்கள் போட்டு, அடுத்த அடுக்கை வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதல் சூட்டில் ஊற்றினால் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும்.

எத்தனை நிமிடம் என்று கேட்பீர்கள். மார்கழி இரவில் பத்து நிமிடத்துக்குள் பதம் வந்துவிடும். வைகாசி நண்பகலில் இருபது நிமிடம் ஆனாலும் ஆகும். கோடையில் தட்டை, தண்ணீர் ஊற்றிய பெரிய தாம்பாளத்துக்குள் வைத்தால் நேரம் பாதியாகக் குறையும். தட்டு இருக்கும் மேடை சமமாக இருக்கிறதா என்பதையும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் ஆறு அடுக்கிலும் அந்தச் சாய்வு தெரியும்.

ஊற்ற வேண்டிய பாசியின் சூடு 55 முதல் 60 டிகிரிக்குள் இருப்பது நல்லது. வெப்பமானி இல்லாதவர்கள் கிண்ணத்தின் வெளிப்புறத்தை உள்ளங்கையால் பிடித்துப் பார்க்கலாம். சுடுகிறது, ஆனாலும் இரண்டு மூன்று விநாடி பிடித்திருக்க முடிகிறது என்ற நிலை அது. உயரத்திலிருந்து ஊற்றாமல், ஒரு கரண்டியைக் கவிழ்த்து மேற்பரப்பை ஒட்டிப் பிடித்து, அதன் முதுகின்மேல் மெல்ல வழிய விடுங்கள். முதலில் ஒரு கரண்டி அளவு ஊற்றிச் சில விநாடிகள் நிறுத்தினால் அது மெல்லிய பூச்சாகப் பரவிக் கீழ் அடுக்கைக் காத்துவிடும். பிறகு மீதியை ஊற்றலாம். நுரைக் குமிழிகளைப் பல்குத்தும் குச்சியால் உடைத்துவிடுங்கள், கடைசி நீல அடுக்கில் அவை அப்படியே நின்றுவிடும்.

ஒவ்வொரு நிறத்தையும் ஊற்றும் நேரம் வரும்போது மட்டும் கலக்குங்கள். ஆறு கிண்ணங்களையும் முன்கூட்டியே கலந்து வரிசையாக வைத்தால், நான்காவது அடுக்குக்கு வருவதற்குள் மற்றவை கிண்ணத்திலேயே உறைந்திருக்கும்.

ஜெலட்டின் பொட்டலம் வாங்கியவர்களுக்கு

நகரத்துக் கடைகளில் கிடைக்கும் ஜெல்லிப் பொட்டலங்கள் பலவற்றில் இருப்பது ஜெலட்டின். அது விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவதால், சைவ உணவு உண்பவர்களும் ஹலால் பார்ப்பவர்களும் பொட்டலத்தைப் படித்துவிட்டு வாங்க வேண்டும். ஜெலட்டினைக் குளிர்ந்த நீரில் ஊற வைத்துப் பிறகு வெந்நீரில் கரைக்க வேண்டும். நெடுநேரம் கொதிக்க விட்டால் வலு போய்விடும். உறைவதற்குக் குளிர்பெட்டி கட்டாயம். அடுத்த அடுக்கை நன்றாக ஆறவைத்தே ஊற்ற வேண்டும், ஏனெனில் உறைந்த ஜெலட்டின் 35 டிகிரிக்குள்ளாகவே உருகத் தொடங்கிவிடும். வேகவைக்காத அன்னாசியும் பப்பாளியும் அதை உறைய விடாது. வேகவைத்த பழம் என்றால் தடையில்லை. வாயில் போட்டதும் கரைகிற அந்த மென்மை பாசிக்கு வராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம் ஊர் மே மாதப் பந்தலில் அரை மணி நேரம் வைத்திருந்தால் ஜெலட்டின் சர்பத்தாகிவிடும்.

வெட்டுதலும் வைத்தலும்

கடைசி அடுக்கு ஊற்றியபின் ஒரு மணி நேரம் அசைக்காமல் விடுங்கள். குளிர்பெட்டியில் வைத்தால் சுவை கூடும்; உறைநிலைப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள், பனி உருகும்போது நீர் பிரிந்து பாசி பஞ்சுபோல் ஆகிவிடும். கடையில் நாம் வாங்கும் வெள்ளை இழையே அப்படி உறைய வைத்து, உருக விட்டு, நீரைப் பிரித்துக் காயவைத்த பாசிதான் என்பது நினைவில் இருக்கட்டும்.

நீளமான கத்தியை வெந்நீரில் நனைத்துத் துடைத்து, அறுக்காமல் மேலிருந்து நேராக அழுத்தி வெட்டுங்கள். நான்கு சென்டிமீட்டர் சதுரமாக வெட்டினால் 25 துண்டுகள் வரும். தேங்காய்ப்பால் சேர்ந்திருப்பதால் கோடையில் வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். மூடி வைத்தால் குளிர்பெட்டியில் இரண்டு நாள் தாங்கும். அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தனுப்பும்போது துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காமல் தாம்பாளத்தில் பரப்பி, அடியில் வாழை இலை போட்டால் வழுக்காது.

சதுரத்துக்குப் பதிலாக டைமண்டு வடிவில் வெட்டினால் நான்கு ஓரங்களிலும் முக்கோணத் துண்டுகள் மிஞ்சும். என் வீட்டில் அவற்றை எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. கத்தி எடுத்த நேரத்திலிருந்து அடுக்களை வாசலில் நிற்பவர்களின் பங்கு அது.